பாதி மாத்திரையும் பர்ஃபெக்ட் வித்யாலயாவும்

பர்ஃபெக்ட் வித்யாலயாவில் ஒரு பிள்ளையைச் சேர்ப்பதற்கு ‘இன்வர்ட் எடுப்பது’, அதாவது சரக்கை உள்ளே எடுப்பது என்று பெயர். வகுப்பறைக்கு லைன் என்று பெயர். வகுப்பாசிரியை லைன் இன்சார்ஜ். பரீட்சை என்ற சொல்லை அங்கே யாரும் உச்சரிப்பதில்லை, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் என்பார்கள். பள்ளியின் தாளாளர் ஈஸ்வரமூர்த்தி முப்பது வருடம் பனியன் ஏற்றுமதி செய்து நன்றாக வாழ்ந்தவர். திருப்பூர் மங்கலம் ரோட்டில் அவருடைய துணி குடோன் ஒன்று காலியாகக் கிடந்தது. காலிக் கட்டடத்தில் பூனை குட்டி போடுகிறது என்று வாட்ச்மேன் சொன்ன மறு வாரமே அவர் கல்விச் சேவையில் இறங்கினார்.

அவருக்குக் கல்வியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று யாரும் முதுகுக்குப் பின்னால் பேச முடியாது. ஆண்டு விழா மேடையில் அவரே மைக்கைப் பிடித்துச் சொல்லிவிடுவார்.

“எனக்குப் படிப்புத் தெரியாதுங்க. ஆனா பனியன் பீஸ் தெரியுமுங்க. ஒரு நூல் பிசிறு இருந்தாக்கூட வெளிநாட்டுக்காரன் சரக்கையே திருப்பித் தாட்டிருவான். அந்தத் தரத்துல உங்க புள்ளைகளத் தைச்சு, அயர்ன் பண்ணி, மடிச்சுக் குடுக்கறோமுங்க.”

பெற்றோர் கை தட்டுவார்கள். மகுடேஸ்வரனும் இரண்டு வருடம் தட்டியிருக்கிறான். அவன் வேறொரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவன் பிரிவின் வேலை. திருத்த முடிந்தது திரும்பத் தையலுக்குப் போகும். திருத்த முடியாதது ‘செகண்ட்ஸ்’ என்று மூட்டை கட்டப்பட்டு மலிவுக் கடைக்குப் போகும். பதினாலு வருடமாக அவன் பேசுகிற மொழியையே ஒரு பள்ளிக்கூடமும் பேசுகிறது என்ற மகிழ்ச்சியில்தான் மகளை அங்கே சேர்த்தான். மனைவி சித்ராதேவி இதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

மகள் கவிப்பிரியாவுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. சொம்பில் தண்ணீர் கொண்டு வரச் சொன்னால் போய்விட்டு சைக்கிள் பம்ப்போடு திரும்பி வருவாள். நடுவில் என்ன நடந்தது என்று அவளுக்கும் தெரியாது. கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள், பதில் முடிவதற்குள் எழுந்து ஓடிவிடுவாள். பர்ஃபெக்ட் வித்யாலயாவில் குறும்பு செய்யும் பிள்ளைக்கு, குறும்பு செய்த உறுப்பின்மேல், கம்பெனியில் ஒட்டுகிற அதே சிவப்பு அம்பை ஒட்டி அனுப்புவார்கள். ஒரு நாள் கவி ஒன்பது அம்புகளோடு வீட்டுக்கு வந்தாள். வாய்க்கு இரண்டு, முழங்காலுக்கு நான்கு, மிச்சம் கைகளுக்கு.

“இன்னைக்கு நாந்தான் ஃபர்ஸ்ட்டுங்கப்பா,” என்றாள். “ரெண்டாவது வந்தவனுக்கு மூணுதான்.”

பள்ளி முதல்வர் சரவணக்குமார் கடிதம் கொடுத்தனுப்பினார். அவர் தாளாளரின் கம்பெனியில் தரப் பிரிவுத் தலைவராக இருந்து, அப்படியே நாற்காலியோடு பள்ளிக்கு மாற்றப்பட்டவர். ‘தங்கள் பீஸில் தொடர்ந்து பழுது காணப்படுகிறது. உரிய இடத்தில் காட்டிச் சரி செய்யவும். அரையாண்டுக்குள் அம்புகளின் எண்ணிக்கை குறையாவிட்டால் டீசி வழங்கப்படும்’ என்று கடிதம் சொன்னது. கீழே தரச்சான்று முத்திரை இருந்தது.

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவரிடம் போனார்கள். அவர் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார், கவியோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார், வகுப்பாசிரியை நிரப்பித் தந்த தாளைப் படித்தார், அடுத்த முறையும் வரச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஏ.டி.எச்.டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிலைக்காமல் அளவுக்கு மீறித் துருதுருவென்று இருக்கும் நிலை என்று பொறுமையாக விளக்கினார். இது வளர்ப்பின் தப்பு இல்லை, யாருடைய தப்பும் இல்லை என்றார். அந்த இடத்தில் சித்ராதேவி அழுதுவிட்டாள். இரண்டு வருடமாகச் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லியிருந்தார்கள். செல்போன், சாக்லேட், அடித்து வளர்க்காதது, மாசமாக இருந்தபோது சாப்பிட்ட அன்னாசிப்பழம். எல்லாக் காரணமும் சுற்றிச் சுற்றி அவளிடமே வந்து நின்றிருந்தது.

மருத்துவர் சின்ன அளவில் ஆரம்பிக்கலாம் என்றார். ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்து, காலையில் சாப்பிட்டதும் பாதி, பகல் பன்னிரண்டுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு மீதிப் பாதி. ஒவ்வொரு பாதியும் மூன்று நான்கு மணி நேரம் வேலை செய்யும். பசி குறையும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்.

முதல் மாத்திரையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு இரண்டு பேரும் அடுப்பில் பால் வைத்ததுபோல் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரம் கழித்துக் கவி சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை வரிசையாகப் போட்டாள். பிறகு ஒரு படத்துக்கு முழுதாக வண்ணம் தீட்டினாள். பிள்ளையின் துருதுருப்பை விற்றுவிட்டு ஒழுக்கத்தை வாங்கிவிட்டோமோ என்று மகுடேஸ்வரன் பயந்தான். அப்போது அவள் நிமிர்ந்து, “ரெண்டு பேரும் எதுக்கு என்னைய இப்படிப் பார்க்கறீங்க? அங்க தோசை கருகுது,” என்றாள். தோசை நிஜமாகவே கருகிக்கொண்டிருந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை மாத்திரையோடு பள்ளிக்குப் போனான். பகல் பன்னிரண்டுக்குப் பாதி மாத்திரை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டுகோள். அது இல்லாவிட்டால் மதியத்துக்குமேல் அம்பு மழை பொழியும், அரையாண்டில் டீசி வரும். சரவணக்குமார் மருத்துவர் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு, அனுமதி பெறாத எந்த மூலப்பொருளும் வளாகத்துக்குள் வரக் கூடாது என்பது விதி என்றார். விதியை மீறிப் பிள்ளையைச் சரி செய்தால் சரியான பிள்ளையும் ரிஜெக்ட்தான் என்று வருத்தத்தோடு விளக்கினார்.

அனுமதி கேட்டு மகுடேஸ்வரன் ஆறு படிவம் நிரப்பினான். ‘மாத்திரை ஒப்புதல் குழு’ அமைக்கப்பட்டது. தாளாளர், முதல்வர், முதல்வரின் உதவியாளர். வகுப்பாசிரியை சுபஸ்ரீ பி.எட். முடித்தவர் என்பதால் தொழில்நுட்ப விஷயங்களில் அவரைச் சேர்ப்பதில்லை.

குழுவின் முதல் வேலை சாம்பிள். ஒரு மாத்திரையைப் பாலித்தீன் பையில் போட்டு, சீல் வைத்து, மூன்று பேர் கையெழுத்திட்டார்கள். இனி தினமும் வரும் மாத்திரையை இந்த சாம்பிளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒப்பிட்டும் பார்த்தார்கள். கம்பெனியிலிருந்து நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டி ஆட்டோவில் வந்தது. பகல் வெளிச்ச விளக்கில் இரண்டு மாத்திரையும் ஒரே வெள்ளை. கடை வெளிச்ச விளக்கைப் போட்டதும் ஒன்று லேசாக மஞ்சள் அடிப்பதாக உதவியாளர் சொன்னார். மகுடேஸ்வரன் பழக்க தோஷத்தில் குனிந்து பார்த்து, ஆமாங்க, லேசா அடிக்குதுங்க என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் ‘ஷேடு வேறுபாடு, பெற்றோரே ஒப்புக்கொண்டார்’ என்று எழுதியாகிவிட்டது.

அடுத்தது வாஷ் டெஸ்ட். துவைத்தால் துணி எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கிற சோதனை. மாத்திரையைத் தண்ணீரில் போட்டு இருபது நிமிடம் ஆட்டினார்கள். எடுத்துப் பார்த்தால் மாத்திரை இல்லை. சரவணக்குமார் தன் பணிக்காலத்தில் இப்படி ஒரு முடிவைக் கண்டதே இல்லை. அறிக்கையில் ‘சுருக்கம்: நூறு சதவீதம்’ என்று எழுதி, சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டார். மாத்திரை கரையத்தானே செய்யும் என்று மகுடேஸ்வரன் கேட்டதற்கு, வயிற்றுக்குள் போய் இப்படிச் சுருங்கினால் பள்ளி பொறுப்பாகுமா என்று திருப்பிக் கேட்டார்.

கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு நாள் மட்டும் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. அந்தப் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு மகுடேஸ்வரன் கம்பெனியில் சொல்லிவிட்டு ஓடி வந்து, முதல்வரின் மேசையில் டப்பாவைத் திறந்தான். உள்ளே பாதி மாத்திரை இருந்தது.

சரவணக்குமாரின் முகம் வெளுத்துவிட்டது.

“ஏனுங்க, இது உடைஞ்சிருக்குது,” என்றார்.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் பயங்கரம் புரியும். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்த லைனில் ஒரு மெஷினும் ஓடக் கூடாது. கிடைத்த துண்டுகளை ரிஜிஸ்டரில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு துணிக்குள் மாட்டிக்கொண்டு அயல்நாட்டுக் குழந்தையைக் குத்திவிட்டால் ஏற்றுமதியே போச்சு. அருமையான விதி. சரவணக்குமார் முப்பது வருடம் அதில் ஊறியவர். மற்றப் பாதி எங்கே என்று மகுடேஸ்வரனிடம் கேட்கவோ, அவன் சொல்ல வந்ததைக் காதில் வாங்கவோ அவருக்குப் பொறுமை இல்லை. மணியை அடித்து, கவி படிக்கும் இரண்டாம் வகுப்பு ‘பி’ லைனை நிறுத்தினார்.

முப்பத்து நான்கு பிள்ளைகளும் மண்டி போட்டுத் தரையைத் தேடினார்கள். உதவியாளர் நீளக் கம்பில் கட்டிய காந்தத்தோடு நடந்தார். மாத்திரை காந்தத்தில் ஒட்டாது என்று சுபஸ்ரீ சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பிள்ளைகளுக்கு அந்த வருடத்தின் மிகச் சிறந்த பாடவேளை அதுதான். மூன்று ஹேர் பின், ஒரு பால் பல், போன வருடம் தொலைந்த ரப்பர், யாருடையதென்று தெரியாத ஒரு கொலுசுத் திருகாணி எல்லாம் கிடைத்தன. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலேயே கவி படைக்குத் தலைமை தாங்கினாள். பெஞ்சுக்கு அடியில் புகுந்து, கதவுக்கு மேல் தொற்றி, பக்கத்து வகுப்பிலும் போய்த் தேடி, அங்கே இருந்தவர்களையும் தேடவிட்டாள்.

கடைசியில் சுபஸ்ரீதான் அவளைப் பிடித்து நிறுத்தி, காலையில் அம்மா என்ன கொடுத்தார் என்று கேட்டார். “இட்லியும் பாதி மாத்திரையும்,” என்றாள் கவி. மற்றப் பாதி எட்டு மணிக்கே அவள் வயிற்றுக்குள் போயிருந்தது. இதைச் சுபஸ்ரீ போய்ச் சொன்னதும் சரவணக்குமார் ரிஜிஸ்டரை விரித்துக் காட்டினார்.

“துண்டை இதுல ஒட்டோணுமுங்க. புள்ளையவா ஒட்டறது?”

சோதனை ஓட்டம் தோல்வி என்று குழு எழுதியது. மகுடேஸ்வரன் கொண்டுவந்த பாதி, ஆதாரமாக அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டது. அன்று மாலை ‘பி’ பிரிவில் முப்பத்து நான்கு பேரும் உடம்பெல்லாம் அம்போடு வீடு திரும்பினார்கள்.

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் நின்ற மகுடேஸ்வரனிடம் வாட்ச்மேன் ராக்கையா பேச்சுக் கொடுத்தார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, வாசல் கேட்டின் இரும்புச் சட்டத்தைக் காலால் தட்டினார்.

“வளாகம் இதோட முடிஞ்சு போச்சுல்லா அண்ணாச்சி. இந்தப் பக்கம் ரோடு. ரோட்டுல நின்னு பெத்த புள்ளைக்கு மாத்திர குடுக்க எவங்கிட்ட அனுமதி கேக்கணும்?”

இவ்வளவு எளிய வழி ஒன்று உலகத்தில் இருந்ததை நினைத்து மகுடேஸ்வரன் அவரைக் கட்டிக்கொள்ளப் போனான். பள்ளியிலிருந்து ஒரு பொருள் வெளியே போய்த் திரும்பி வர சலான் வேண்டும், அவ்வளவுதான். சாயம் போடவும் பட்டன் வைக்கவும் துணியை வெளியே அனுப்பும்போது எழுதுகிற அதே சலான். மறுநாளிலிருந்து பன்னிரண்டு மணிக்கு ராக்கையா எழுதினார்: ‘மாணவி, எண்ணிக்கை ஒன்று, வேலை முடியாதது, திரும்பி வரும்.’ கவி ரோட்டுக்கு வந்து, வண்டி சீட்டில் உட்கார்ந்து நாலு வாய் தயிர்சாதம் சாப்பிட்டு, மாத்திரையை விழுங்கிவிட்டு உள்ளே போவாள். ராக்கையா மறு நகலில் எழுதுவார்: ‘வந்தது, ஒன்று, சேதமில்லை.’

மூன்று வாரம் இப்படிப் போனது. அம்புகள் ஒன்பதிலிருந்து ஐந்து, மூன்று, ஒன்று என்று இறங்கின. ஒரு நாள் டைரியில் சுபஸ்ரீ எழுதியிருந்தார்: ‘இன்று கவி ஒரு கணக்கை முடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனாள். நான் சொல்லாமலே.’ மகுடேஸ்வரன் அதை மூன்று முறை படித்தான். நான்காவது முறை எழுத்து தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். மகள் என்ன ஆச்சு என்று கேட்டதற்குப் பஞ்சு பறந்து கண்ணில் விழுந்துவிட்டது என்றான்.

நான்காவது வாரம் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். பள்ளியின் மதிய இருப்புக் கணக்கில் தினமும் ஒரு மாணவி குறைகிறாளாம். அடுத்த மாதம் அங்கீகார ஆய்வுக்கு ஆட்கள் வருகிற நேரத்தில் இருப்புக் கணக்கு உதைத்தால் மானம் போய்விடும். கவியையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். பீஸைப் பார்க்காமல் முடிவெடுப்பது முறையில்லை என்று சரவணக்குமார் கருதினார். சுபஸ்ரீ அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலிலேயே நின்றார். கவி தாளாளர் அறையின் சுழல் நாற்காலியில் ஏறிச் சுற்ற ஆரம்பித்தாள்.

ஈஸ்வரமூர்த்தி அன்பாகவே பேசினார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கல்.

“மகுடேஸ்வரா, நீயும் தொழில்காரன், நானும் தொழில்காரன். எல்லாப் பீசும் எக்ஸ்போர்ட்டுக்குப் போகாது. போவோணும்னு ஆசைப்படவும் கூடாது. அதுக்குன்னு வீசிப்போட முடியுமா? பின்னாடி ஷெட்டுல தனியா ஒரு லைன் போட்டிருக்கறேன், இந்த மாதிரிப் புள்ளைகளுக்குன்னே. ஸ்பெஷல் லைன்னு போர்டு வச்சாச்சு. ஆய்வுக்கு வர்றவங்களுக்கு போர்டு கண்ணுல படாது, நீ பயப்படாதே.”

அங்கே டீச்சர் யார் என்று மகுடேஸ்வரன் கேட்டான்.

“டீச்சர் எதுக்கு? செகண்ட்ஸுக்கு யாராச்சும் அயர்ன் பண்ணுவாங்களா?” என்றார் தாளாளர். சரவணக்குமார் தலையாட்டினார்.

மகுடேஸ்வரன் எழுந்து நின்றான். அவன் சத்தமாகப் பேசிப் பழகாதவன்.

“ஏனுங்க, சரக்குல செகண்ட்ஸ் பிரிக்கறவன் நானுங்க. பதினாலு வருசமாப் பிரிக்கறேன். லட்சம் பனியன் இந்தக் கையில போயிருக்குமுங்க. அதுல ஒண்ணுகூட என்னைய ‘அப்பா’ன்னு கூப்பிட்டதில்லீங்க.”

அந்த நேரம் பார்த்து அவன் செல்போனில் பன்னிரண்டு மணி அலாரம் அடித்தது. அவன் சுழலும் நாற்காலியை ஒரு கையால் பிடித்து நிறுத்தினான். பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து உரித்துக் கொடுத்தான். கவி தின்னும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு டப்பாவைத் திறந்து பாதி மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து, தாளாளருக்காக மூடி வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து நீட்டினான். அவள் விழுங்கினாள். தாளாளர் அறையில், வளாகத்தின் நட்டநடுவில்.

யாரும் தடுக்கவில்லை. சரவணக்குமார் மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். தடுப்பதற்கான படிவம் எதிலும் இல்லை.

டீசி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று ஈஸ்வரமூர்த்தி மெதுவாகச் சொன்னார். தாராளமாகக் கொடுங்கள், ஆனால் காரணத்தை எழுதிக் கொடுங்கள், பிள்ளைக்கு டாக்டர் சொன்ன மாத்திரையை அப்பன் கொடுத்தான் என்று பள்ளி முத்திரையோடு எழுதுங்கள் என்றான் மகுடேஸ்வரன். தாளாளர் சரவணக்குமாரைப் பார்த்தார். சரவணக்குமார் சுவரில் இருந்த ஆய்வு அட்டவணையைப் பார்த்தார். அந்தப் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து முதன்முறையாக, எதையும் எழுத்தில் வைக்க வேண்டாம் என்று முடிவாயிற்று.

“அப்ப நாளைக்கும் பன்னெண்டு மணிக்கு வருவேனுங்க. ரோட்டுல நிக்க மாட்டேன், கிளாசுக்கே வருவேன்,” என்றான்.

“நீங்க எதுக்குங்க தெனமும் வேலைய உட்டுட்டு வரோணும்?” என்று வாசலிலிருந்து சுபஸ்ரீயின் குரல் கேட்டது. “டப்பாவ எங்கிட்டக் குடுங்க. சோறு ஊட்டி நானே குடுத்துக்கறேன்.”

அவர் தாளாளரின் முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மகுடேஸ்வரன் டப்பாவைக் கொடுத்தான். மூடி கீழே விழுந்தது, குனிந்து எடுத்து அதையும் கொடுத்தான்.

கவிக்கு இதெல்லாம் சலித்துவிட்டது. நாற்காலியிலிருந்து குதித்து, குப்பைக்கூடையைத் தட்டிவிட்டு, கதவை அகலத் திறந்துபோட்டு, நீளமான வராந்தாவில் கைகளை விரித்துக்கொண்டு ஓடினாள். சத்தம் கேட்டு மூன்று வகுப்பிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

தாளாளர் ஏமாந்துபோனவர்போல் அவளைப் பார்த்தார்.

“மாத்திரை போட்டும் ஓடறாளே மகுடேஸ்வரா.”

“அது வேலை செய்ய அரை மணி நேரம் ஆகுமுங்க,” என்றான் மகுடேஸ்வரன். “அது வரைக்கும் ஓடட்டுமுங்க.”